பைவாய் தைத்த மேலங்கிகள்

போன கிழமை ஃப்ரையாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு ஆய்வுகூடத்தில் என் கதிரைக்கு வந்த பிள்ளை அவள். "புது மேலங்கிகள் ஆறு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பைகள். பழைய மேலங்கிகளில் எல்லாப் பைகளின் வாயும் தைத்து மூடியிருக்கிறதே, இவற்றையும் தைக்க வேண்டுமா? ஏன் தைத்தீர்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பேனா வைக்க இடமில்லை என்று எல்லோரும் புறுபுறுக்கிறார்கள்" என்று டேனிஷில் எழுதியிருந்தாள்.

"கட்டாயம் தைக்க வேண்டும். காரணம் பெரிய கதை" என்று பதில் போட்டேன். அந்தக் காரணம் நான்தான் என்று எழுதக் கை வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். இனி என்ன வெட்கம்? வேலையும் முடிந்தது, பென்சனும் வருகிறது. ஃப்ரையாவுக்கு டேனிஷில் சொல்வதற்கு முன்னால் எனக்காகத் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

நான் இந்த வேலைக்கென்று படித்தவன் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கத் தொடங்கி, முதலாம் வருடம் முடியுமுன்னே நாட்டை விட்டு டென்மார்க்குக்கு ஓடி வந்தவன். ஹோர்சன்ஸில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் பெட்டி தூக்கினேன். முதுகு போயிற்று. நகராட்சி அலுவலகத்தில் என் கோப்பைப் புரட்டிய பெண் எங்கோ ஒரு மூலையில் 'தாவரவியல்' என்ற சொல்லைக் கண்டுபிடித்து, பக்கத்து ஊர் அருங்காட்சியகத்தின் ஆய்வுகூடத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு என்னை அனுப்பினாள். மண் கழுவுகிற வேலை என்றாள்.

"கம்பஸுக்குப் போனவரை மண் கழுவ விடுகினமோ?" என்று என் மனைவி பவானி கேட்டாள். எனக்கும் கோபம்தான். பெட்டி தூக்குவதைவிட இது முதுகுக்கு நல்லது என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனால், அங்கே மண்வாளி இறைச்சிப் பெட்டியைவிடப் பாரம். முதல் நாளே மூன்றாவது வாளியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆய்வுகூடத் தலைவி கிர்ஸ்டன் யன்னலுக்கு அப்பாலிருந்து அதைப் பார்த்தார்.  அடுத்த நாள் காலையில் எல்லா வாளிகளும் அரைவாசியாய் இருந்தன. ஒரு வாளியை இரண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே அடையாளச் சிட்டை எழுதிக் கட்டியிருந்தார். எனக்கு மட்டுமல்ல, அங்கே மண் தூக்கும் எல்லோருக்கும் அன்றிலிருந்து அரை வாளிதான்.

கிர்ஸ்டன் அப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். ஒல்லி, உயரம், ஆண்பிள்ளை போல வெட்டிய நரைமுடி. சத்தமாகக் கதைத்ததை நான் கேட்டதே இல்லை. நாங்கள் எதையாவது கண்டுபிடித்தோம் என்று ஓடினால் "காட்டும்" என்பார். பிழை விட்டோம் என்று ஓடினாலும் அதே "காட்டும்"தான். டேனிஷில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரே விதமான விளிதான். ஆனால் அவர் குரலில் இருந்த மரியாதைக்கு எங்கள் ஊர் 'நீர்' சரியாகப் பொருந்தும். அதனால் அவர் பேசியதை அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

வேலை இதுதான். ஆதிமனிதர் வாழ்ந்த இடத்து மண் வாளியில் வரும். தண்ணீர் விட்டு, கையால் மெல்லக் கலக்கி, ஆற விட வேண்டும். மண் அடியில் இறங்கும். எரிந்து கரியான விதையும் தானியமும் மிதக்கும். அந்தத் தண்ணீரை நுண்ணிய அரிதட்டில் ஊற்றி, கறுப்பாய் எதுவும் மிதக்காமல் போகும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அரிதட்டில் தங்கியதைத் துணியில் முடிந்து இரண்டு நாள் காயவிட்டு, ஒரு சிட்டிகை சிட்டிகையாக நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, மெல்லிய தூரிகையால் பொறுக்கிக் கண்ணாடிக் குழாய்களில் போட வேண்டும். சிட்டையைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை கரைந்துவிடும். என்னவென்று தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதிப் போட ஒரு மரப்பெட்டி இருந்தது. வியாழக்கிழமைகளில் கோப்பி நேரத்தில் கிர்ஸ்டன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். குழாய்கள் ஒவ்வொன்றாய்க் கைமாறும். "ஊகம் வேண்டாம். தெரிஞ்சால் சொல்லுங்கோ, தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்பார். பேராசிரியர் வந்திருந்தாலும் மண் கழுவுபவன் இருந்தாலும் ஒரே கேள்விதான். 'தெரியாது' என்று சொல்ல வெட்கப்படாத மேசை ஒன்றை என் வாழ்க்கையில் அங்கேதான் பார்த்தேன்.

மூன்று மாதம் ஒரு வருடமாயிற்று, பிறகு வருடா வருடம் நீட்டித்தார்கள். நான் மெல்ல மெல்ல அங்கே தேடுவது என்னவென்று புரிந்துகொண்டேன். கிர்ஸ்டனை வாழ்நாள் முழுக்கப் பிடித்தாட்டிய கேள்வி அது. தெற்கே, இன்றைய ஜெர்மனிப் பக்கம், மனிதர் கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்துப் பல நூறு வருடமாகியும், இங்கே டென்மார்க்கின் யூட்லாந்தில் இருந்தவர்கள் மீனும் சிப்பியும் காட்டுக்கொட்டையும் தின்றுகொண்டு விதைப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு, ஏறக்குறைய ஆறாயிரம் வருடங்களுக்கு முன், எல்லாம் சட்டென்று மாறிற்று. காடு வெட்டினார்கள், விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள். ஏன் அவ்வளவு காலம் காத்திருந்தார்கள்? ஏன் அப்போது மாறினார்கள்?

கிர்ஸ்டனின் எண்ணம், காலநிலைதான் வாசலைத் திறந்தது என்பது. ஏரிச் சேற்றில் புதைந்த மகரந்தத்தை வைத்து, அந்தக் காலத்தில் கோடை கொஞ்சம் சூடாகவும் காய்வாகவும் வந்தது என்பார். கடலும் மாறிற்று, சிப்பியும் குறைந்தது, விதையும் தலைமுறை தலைமுறையாக இந்தக் குறுகிய கோடைக்குப் பழகிற்று என்பார். நான் விடவில்லை. "சாப்பாடு குறையாமல் ஆர் முதுகை முறிச்சு நிலம் கொத்துவினம்? கோடை வந்ததால இல்லை, சிப்பி போனதால" என்று வாதாடினேன். பதினான்கு வருடம் பெட்டி தூக்கியவனுக்கு இதில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டு, "அப்ப சிப்பி போனதைக் காட்டும்" என்பார்.

விதை பழகுவது எனக்குப் புதினமில்லை. ஊரிலிருந்து வந்த மிளகாய் விதையைப் பவானி எங்கள் யன்னலோரம் நட்டாள். முதல் வருடம் செடி வந்து காய்க்கவில்லை. இரண்டாம் வருடம் ஒரே ஒரு காய். அதன் விதையை எடுத்து நட்டாள். நாலாம் வருடம் வீடு கொள்ளாத மிளகாய். அதில் ஒன்றைக் கிர்ஸ்டன் ஆசைப்பட்டு வாங்கி முழுசாய்க் கடித்துவிட்டு, முகம் சிவந்து, கண்ணீர் வழிய, "இது நல்லாப் பழகியிருக்கு" என்றார்.

இனி அந்த வருடத்துக் கதை.

லார்ஸ் என்றொரு அகழ்வாளன் இருந்தான். முப்பது வயது, சிவந்த தாடி, ஓட்டைக் கார். ஃபியோர்டு எனும் கடற்கழி ஓரத்தில், ஆதிமனிதர் தின்று போட்ட பழைய சிப்பிக் குவியல் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். குவியலுக்கு அடியில், விதைப்பு வருவதற்கு வெகு காலம் முந்திய மண்படையிலிருந்து எடுத்த வாளிகள் எங்களிடம் வந்தன. அவனுடைய ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது. எனக்கோ, என்னை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று மேலிடம் அந்த மாதம் முடிவெடுக்க இருந்தது. அனுப்பினால் நாற்பது தாண்டிய வயதில் உடைந்த முதுகோடு எங்கே போவது? வீட்டில் இதைப் பற்றிக் கதைக்காத நாளில்லை.

அதே மாதம்தான் எங்கள் பிள்ளையார் கோயிலில் கும்பாபிஷேகம். பழைய களஞ்சியத்தை வாங்கிக் கோயிலாக்கியிருந்தோம். தீயணைப்புக்காரரிடம் அனுமதி எடுத்து, வெளியே கூடாரம் போட்டு, மூன்று நாள் ஓமம் வளர்த்தார்கள். ஞாயிறு முடிந்தது. திங்களன்று பவானி தோய்த்து அழுத்தித் தந்த மேலங்கியோடு வேலைக்குப் போய், லார்ஸின் மண்ணைக் கழுவினேன். நாலாவது வாளியில் தண்ணீரின் மேலே எண்ணெய் போல ஒரு சின்னப் படலம் மினுங்கிற்று. சேற்று மண்ணில் சில நேரம் அப்படி வரும். பேசாமல் அரிதட்டில் ஊற்றினேன்.

அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமை, நுணுக்குக்காட்டியின் கீழே, அந்த நாலாவது வாளியின் கரித்தூளுக்குள், ஒரு முழுக் கோதுமை. வயிற்றில் கோடு, முதுகில் வளைவு, கறுத்த முத்துப் போல.  கோதுமை இருக்கவே கூடாத படை அது.

கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "காட்டும்" என்றார் கிர்ஸ்டன். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கோதுமைதான்" என்றார். பிறகு, "நல்லாக் கழுவுப்பட்டிருக்கு, வயித்துக் கோட்டுக்குள்ள மண்ணே இல்லை" என்று தனக்குத்தானே சொன்னார். அதை நான் என் வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மடையன்!

லார்ஸ் காரில் பறந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அந்த முதுகோடு! சனிக்கிழமை நாட்டின் அகழ்வாளர்கள் எல்லாம் கூடும் பெரிய கூட்டத்தில் அவன் பேச இருந்தான். வயது பார்க்கும் காபன் சோதனைக்கு ஆறு கிழமை எடுக்கும். அதுவரை பொறுக்கச் சொன்னார் கிர்ஸ்டன். "ஆறு கிழமையால என்ர வேலையே இராது. வயது இன்னும் தெரியாதெண்டு சொல்லியே சொல்லுறன்" என்று அவன் கெஞ்சினான். அவர் அரைமனதோடு தலையாட்டினார்.

வியாழக்கிழமை கோப்பிக்கு லார்ஸ் பெரிய கேக்கோடு வந்தான். வழக்கம் போலத் 'தெரியாது' பெட்டி மேசைக்கு வந்தது. நாலாவது வாளியில் நான் பொறுக்கியபோது கண்டுகொள்ளாமல் மிச்சத் தூளோடு விட்டிருந்த ஒன்றை, அந்தத் தூளை மறுபடி பார்த்த கிர்ஸ்டன் எடுத்துக் குழாயில் போட்டிருந்தார். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். தட்டையாய், ஒரு பக்கம் கூராய், கண்ணீர்த் துளி போல ஒரு விதை. கொஞ்சம் பொரிந்திருந்தது.

எள்ளு.

எள்ளுருண்டை தின்று வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? ஆறாயிரம் வருடத்துக்கு முந்திய டென்மார்க்கில் எள்ளு எங்கே இருந்து வரும்? ஒரே நொடியில் ஓமகுண்டமும், ஐயர் அள்ளிப் போட்ட நவதானியமும், வாளியில் மிதந்த படலமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அது சேறு இல்லை, நெய்!

"சிவா, உமக்குத் தெரியுமோ?" என்று கிர்ஸ்டன் கேட்டார். லார்ஸ் கேக் வெட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியாது" என்றேன். அந்த மேசையில் நான் சொன்ன ஒரே பொய் அது.

கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிவிட்டு மேலங்கியைத் தடவினேன். கீழ்ப்பைகள் இரண்டிலும் ஒன்றுமில்லை. நான் ஒருநாளும் பாவிக்காத நெஞ்சுப் பையில் ஒரு காகித மடிப்பு. ஒரு மூலை கிழிந்து, உள்ளே பாதிதான் மிச்சம்: ஓமச் சாம்பலும் கருகிய தானியமும். வாளிக்கு மேலே குனியும்போதெல்லாம் கொட்டியிருக்கிறது.  அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் அந்த மடிப்பைத் தூக்கிப் போட்டேன். "இதை ஏனப்பா என்ர மேலங்கிக்குள்ள வைச்சனீர்?"

பவானி திகைத்துப் போனாள். "உங்கட வேலை நிரந்தரமாக வேணுமெண்டுதான். நெஞ்சுக்குக் கிட்ட இருக்கட்டும் எண்டு வைச்சனான். சொன்னால் நீங்கள் எடுத்துப்போடுவியள். ஏன், என்ன நடந்தது?"

சொன்னேன். கோதுமை, எள்ளு, லார்ஸின் சனிக்கிழமை, எல்லாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லப்போறதில்லை. ஆறு கிழமையில சோதனை தானே சொல்லும், இது நேற்றையான் கோதுமை எண்டு. அதுக்கிடையில என்ர நிரந்தரக் கடதாசி வந்திடும்" என்றேன். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகவே பட்டது.

"அப்ப அந்தப் பெடியன்?"

"எந்தப் பெடியன்?"

"கேக் கொண்டு வந்த பெடியன். சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு, பிறகு பொய்யெண்டு வந்தால் ஆரைக் குற்றஞ்சொல்லுவினம்? தோண்டினவனைத்தானே? உங்களுக்கென்ன விசரே?"

 சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அவள், "நாளைக்கு நானும் வாறன். வைச்சது நான். நானே சொல்லுறன்" என்றாள். "உமக்கு ஏன் தேவையில்லாத வேலை" என்று கத்தினேன். அவள் எழும்பிப் போய்ச் சமையலறையில் டப்பாக்களைத் திறந்து எதையோ கட்டத் தொடங்கினாள்.

வெள்ளி காலை இருவரும் பஸ்ஸில் போனோம்.  கிர்ஸ்டனின் அறையில் நான் வாயைத் திறக்குமுன், பவானி முதியோர் இல்லத்து வேலையில் பழகிய தன் டேனிஷில், "இவரில் பிழையில்லை. கோதுமை என்னுடையது" என்று சொல்லிவிட்டாள். பிறகு நான் முழுவதையும் சொன்னேன். நேற்று அந்த மேசையில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் நீட்டிய காகித மடிப்பைக் கிர்ஸ்டன் விரித்துப் பார்த்தார். பிறகு வழக்கம் போல, "காட்டும்" என்றார். இம்முறை பவானியைப் பார்த்து.

பவானி தன் பையிலிருந்து எள்ளும் கோதுமையும் நெய்ப்போத்தலும் எடுத்தாள். அதைத்தான் இரவே கட்டியிருக்கிறாள்! ஆய்வுகூடத்துச் சின்ன அடுப்பில், சட்டியில் நெய் விட்டு, தானியத்தைக் கரிய விட்டாள். கூடம் முழுக்கக் கோயில் மணம். ஆறியதும் கிர்ஸ்டன் புது எள்ளையும் குழாய் எள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பவானியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்க வைத்தார். "ஒண்டுதான்" என்றாள் பவானி. "ஓம், ஒண்டுதான்" என்றார் கிர்ஸ்டன். பழைய சிட்டையை எடுத்துவிட்டு, பென்சிலால் புதுச் சிட்டை எழுதிக் குழாய்க்குள் சுருட்டிப் போட்டார்.

லார்ஸைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவன் முகம் வெளுத்தது. என்னைப் பார்க்கவில்லை. கதவை அறைந்துகொண்டு போனான். அந்தச் சத்தம் கனகாலம் என் காதில் இருந்தது.

பொருட்களைக் கட்டிக்கொண்டு போகச் சொல்வார் என்று நின்றேன். கிர்ஸ்டன் கொளுக்கியில் மாட்டியிருந்த தன் சொந்த மேலங்கியை எடுத்து, அதன் பைகளை வெள்ளைத் தாளில் கவிழ்த்து உதறினார். பென்சில் சீவல், ஒரு பொத்தான், கம்பு ரொட்டித் தூள், ரொட்டியின் மேலே இருக்கும் விதைகள் ஏழெட்டு. "முப்பது வருஷமா இதைப் போட்டுக்கொண்டுதான் வாளிக்கு மேல குனியிறன்" என்றார். முகம் சிவந்திருந்தது. என்னை ஆற்றுவதற்காகச் சொன்னதில்லை, உண்மையாகவே வெட்கப்பட்டார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஊசியும் நூலும் எடுத்தார். பவானியும் ஓர் ஊசி கேட்டாள். மத்தியானத்துக்கு முன்னால் இருவரும் இருந்து பதினொரு மேலங்கிகளின் பைவாயைத் தைத்து முடித்தார்கள். ஏனென்று வேலையாட்கள் கேட்டபோது கிர்ஸ்டன், "என்ர பையில ரொட்டி இருந்தது" என்று மட்டும் சொன்னார். என் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

சனிக்கிழமை லார்ஸ் அந்தக் கூட்டத்தில் பேசினான். குவியலுக்கு அடியில் தானியம் எதுவும் இல்லை என்று சொன்னான். கிர்ஸ்டன் கூடப் போய் முன் வரிசையில் இருந்தாராம். அவன் என்னோடு கதைக்க அடுத்த வசந்தம் ஆயிற்று. வேறோர் அருங்காட்சியகத்திலிருந்து அவன் அனுப்பிய வாளியில், சிப்பிக்கு மேற்படையில், சரியான காலத்து வாற்கோதுமையை நான் எடுத்தேன். அதன் வயிற்றுக் கோட்டுக்குள் மண் இறுகியிருந்தது. தொலைபேசியில் சொன்னேன். "உம்மட பையைப் பார்த்தனீரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். எனக்கு அப்போதுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

என் நிரந்தரக் கடதாசி அந்த மாதக் கடைசியிலேயே வந்தது. பவானிக்கு இன்றைக்கும் அது பிள்ளையார் தந்தது. நான் மறுப்பதில்லை. ஆனால் கீழே கையெழுத்துப் போட்டவர் கிர்ஸ்டன். அவர் இப்போது ஒரு சின்னத் தீவில் இருக்கிறார், எங்கள் மிளகாயை நட்டுக் காய்க்க வைத்துப் படம் அனுப்புகிறார். சிப்பி போனதாலா கோடை வந்ததாலா என்ற சண்டை எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. அவருக்கு எத்தனையோ தடவை நன்றி சொல்லிவிட்டேன், ஒருநாளும் போதவில்லை.

நேற்று ஃப்ரையா ஆறு மேலங்கிகளையும் தூக்கிக்கொண்டு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கதையை டேனிஷில் சொல்லத் தொடங்கினேன். பவானி தேத்தண்ணி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, நூல் கோத்து, முதல் மேலங்கியை மடியில் எடுத்தாள். நான் எள்ளு வரைக்கும் வந்தபோது ஃப்ரையா இடைமறித்தாள்.

"பொறுங்கோ. எங்கட ஒப்பீட்டுப் பெட்டியில ஒரு எள்ளு இருக்கு. புதுசா வாற எல்லாருக்கும் அதைக் காட்டித்தான் பழக்குறம். சிட்டையில 'எள்ளு. இனங்கண்டவர்: பவானி' எண்டு பென்சிலால எழுதியிருக்கு. அந்த ஆராய்ச்சியாளரைப் பழைய பட்டியலெல்லாம் தேடிப் பார்த்தன், கிடைக்கேல்லை. உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

அந்தச் சிட்டையில் கிர்ஸ்டன் என்ன எழுதினார் என்று இத்தனை வருடம் நான் பார்க்கவே இல்லை. பவானியைத் திரும்பிப் பார்த்தேன்.

பவானி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான்தான் பிள்ளை," என்றாள். "அடுத்த மேலங்கியைத் தாரும்."